திரிபலாவும் நிலாவாரையும் ஒன்றல்ல



சென்ற ரமளானுக்கு முன் நமது டிரஸ்ட் வழங்கிய மளிகைப் பையில் அரிசி, பருப்பு, எண்ணெய், பேரீச்சம்பழத்துடன் ஒரு பொடிப் பாக்கெட்டும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். நோன்பு காலத்தில் மலச்சிக்கல் வராமல் இருக்க நல்லது என்று சொல்லி ஓர் அன்பர் அதை இலவசமாகத் தந்தார். உறையின் மேல் திரிபலா கலந்த ஆயுர்வேத வயிற்றுச் சுத்திப் பொடி என்று அச்சிட்டிருந்தது. திரிபலாதானே, பாட்டி காலத்து மருந்துதானே என்று நாங்களும் வாங்கிப் பையில் வைத்துவிட்டோம். உறையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்பக்கத்தில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

முதல் பத்து நோன்பு முடிவதற்குள் நான்கு வீடுகளில் இருந்து வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. மூன்று பேர் பொடியை நிறுத்தியதும் சரியாகிவிட்டார்கள். நான்காமவர் எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டு வருபவர். தராவீஹ் முடிந்து வந்து தினமும் இரண்டு ஸ்பூன் பொடி குடித்திருக்கிறார். மூன்று நாள் போக்கு. ஆனாலும் நோன்பை விடவில்லை. நான்காம் நாள் ஸஹருக்கு எழுந்தவர் கால் துவண்டு அடுப்படியிலேயே விழுந்துவிட்டார். மருத்துவமனையில் பரிசோதித்தபோது இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. அது குறைந்தால் கை கால் துவள்வதோடு இதயத் துடிப்பே தடுமாறும் என்று டாக்டர் சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். அவருடைய மகன் நம் அலுவலகத்துக்கு வந்து பாதி தீர்ந்த பாக்கெட்டை மேசை மேல் வைத்து, "இது நீங்க கொடுத்ததுதானே பாய்?" என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் அதை வைத்தியர்களுக்கு உரியது என்று நினைத்திருந்தோம். இலவசமாகப் பொடி கொடுக்கும் டிரஸ்டுக்கும் அது பொருந்தும். மருத்துவச் செலவை டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பொடி என்ன, திரிபலா என்ன, எது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை விளக்கிச் சொல்லும் கடமை பாக்கி இருந்தது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

அந்தப் பாக்கெட்டை அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்கு எடுத்துச் சென்றோம். டாக்டரம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "திரிபலா என்றால் காய்ப்பொடி. நாக்கில் வைத்ததும் துவர்க்கும், புளிக்கும். இது பச்சையோடிய இலைப்பொடி. பெரும்பாலும் நிலாவாரைதான் இருக்கிறது" என்றார். நம் மக்கள் பலர் சனா மக்கி என்று அறிந்திருக்கும் அதே இலைதான் நிலாவாரை.

முதலில் உண்மையான திரிபலாவைப் பார்ப்போம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்ற மூன்றையும் கொட்டை நீக்கி, காயவைத்து, பெரும்பாலும் சம எடையாகச் சேர்த்து இடித்து, துணியில் சலித்த பொடி அது. சமஸ்கிருதத்தில் மூன்று பழங்கள் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆயுர்வேதம், சித்தம் இரண்டிலும் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று, யூனானியில் உள்ள இத்ரீஃபல் என்ற மருந்து வகையும் இதே திரிபலாதான் என்பது. பெயரே திரிபலா என்ற சொல்லின் அரபு வடிவம். ஹலீலா, பலீலா, ஆம்லா என்று ஹகீம்கள் சொல்வது இந்த மூன்று காய்களையே. அவர்கள் பொடியை நெய்யிலோ பாதாம் எண்ணெயிலோ பிசறி, தேன் சேர்த்து லேகியம்போல் ஆக்குவார்கள்.

இந்தப் பெயர் அரபிக்குப் போன கதையும் சுவையானது. அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் மன்கா என்ற இந்திய வைத்தியர் பக்தாதில் இருந்தார். சரகர், சுஸ்ருதர் ஆகியோரின் நூல்கள் அக்காலத்தில் அங்கே மொழிபெயர்க்கப்பட்டன. கி.பி. 850இல் அலீ இப்னு ரப்பன் தபரீ முடித்த ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா என்ற மருத்துவ நூலின் கடைசிப் பகுதி இந்திய மருத்துவத்தைப் பற்றியதே. இதை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயுர்வேத மருந்து நமக்கு ஆகுமா என்று சில பெரியவர்கள் தயங்கிக் கேட்கிறார்கள். மூன்று காய்களின் பொடியில் தயங்க ஒன்றும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் ஹகீம்கள் கொடுத்து வந்ததுதான்.

திரிபலா குடலில் மென்மையாக வேலை செய்கிறது. மலத்தை இளக்கும். அளவு மீறினால் அதுவும் வயிற்றைக் கடுக்கச் செய்து போக்கை உண்டாக்கும். வழக்கமான அளவு 3 முதல் 6 கிராம், இரவில் வெந்நீரில். புதிதாகத் தொடங்குபவர்கள் அரை டீஸ்பூனில் ஆரம்பித்து உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்ப்பது நல்லது. ஒரே நாளில் பலன் தெரிய வேண்டும் என்று அளவைக் கூட்டுவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு.

அதன் துவர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கம் தோல் தொழிலில் இருந்த குடும்பங்களுக்குக் கடுக்காயை மருந்தாக அறிவதற்கு முன்பே பதனிடும் சரக்காகத் தெரியும். பச்சைத் தோலை இறுக்கிப் பதப்படுத்தும் டானின் என்ற சத்து கடுக்காயில் நிறைய இருக்கிறது. அதே டானின் இரும்போடு சேர்ந்தால் கறுத்துப்போகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் கறுப்பு மையும் கறுப்புச் சாயமும் செய்தார்கள். வயிற்றுக்குள்ளும் இதுவே நடக்கிறது. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதே நேரத்தில் திரிபலா எடுத்தால் இரும்பை டானின் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியது சேராது. மாத்திரைக்கும் பொடிக்கும் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீருக்கும் இதே விதிதான். அதை எந்த வீட்டில் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

இனி நிலாவாரை. இது ஒதுக்க வேண்டிய மூலிகை என்று யாரும் எண்ண வேண்டாம். திர்மிதீ, இப்னு மாஜா நூல்களில் வரும் ஓர் அறிவிப்பில், அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் வயிறு இளக ஷுப்ரும் என்ற கடும் பேதி மருந்தைப் பயன்படுத்தி வந்ததாகவும், அது மிகவும் கடுமையானது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன பின்பு அவர்கள் சனாவுக்கு மாறியதாகவும் காண்கிறோம். இந்த அறிவிப்பைக் காட்டித்தான் இன்று சனா மக்கி என்ற பெயரில் பொடி, மாத்திரை, டீத்தூள் எல்லாம் விற்கிறார்கள். ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. எதைச் சாப்பிடுகிறாய் என்று முதலில் கேட்கப்படுகிறது. அதன் கடுமை எடைபோடப்படுகிறது. மென்மையானதன் பக்கம் திருப்பப்படுகிறது. பெயர் தெரியாத பொடியை விழுங்குவதற்கு அதில் எங்கே ஆதாரம் இருக்கிறது?

மக்கத்துச் சனா என்று விற்கப்பட்டாலும், உலகச் சந்தையில் அந்த இலைக்குப் பெயர் வாங்கித் தந்த ஊர்களில் ஒன்று நம் திருநெல்வேலி. திருநெல்வேலி சென்னா என்றே மருந்து நூல்களில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. தூத்துக்குடி, இராமநாதபுரம் வட்டாரங்களிலும் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியே வெளிநாடு போகிறது. ஆங்கில மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் சில மாத்திரைகளில் இருப்பதும் இதன் சத்தே.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் நோன்பில் நடந்த விபரீதம் புரிந்துவிடும். நிலாவாரையில் உள்ள சென்னோசைடு என்ற சத்து வயிற்றிலும் சிறுகுடலிலும் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகே அது வேலையைத் தொடங்குகிறது. பெருங்குடலைத் தூண்டி அசைக்கிறது. குடல் திரும்ப உறிஞ்ச வேண்டிய தண்ணீரை உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தால் அதிகாலை நான்கு முதல் காலை பத்து மணிக்குள் வேகம் எடுக்கும். அதாவது ஸஹர் முடித்து வாயைக் கட்டிய நேரத்தில். அதன் பிறகு போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்ட மஃரிப் வரை ஒரு மிடறு குடிக்க வழியில்லை. நீர் பிரியும் மாத்திரைகளில் பலவும் ஏற்கெனவே பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. அந்த மூதாட்டிக்கு இரண்டு பக்கமும் இழப்பு.

அதனால் நிலாவாரையை எப்போதாவது, ஓரிரு நாட்களுக்கு, அளவோடு எடுப்பது வேறு. திரிபலா என்று நினைத்து மாதக்கணக்கில் குடிப்பது வேறு. நாள்பட எடுத்தால் அது இல்லாமல் வயிறு போகாது என்ற நிலைக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு ஸ்பூன் இரண்டாகும், இரண்டு மூன்றாகும். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்காமல் தொடரக் கூடாது. இதயத்துக்கு டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுபவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் திரிபலா, நிலாவாரை எதையும் தாமாக எடுக்கக் கூடாது. சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்குத் திரிபலாவும் சேர்ந்து சர்க்கரையை இறக்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். நம் சிறுவயதில் பள்ளி விடுமுறை வந்தால் உம்மாமார்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். அது ஒரு காலம். குடல் என்பது மாதம் ஒருமுறை தூர்வார வேண்டிய சாக்கடை அல்ல என்று இன்றைய டாக்டர்கள், சித்த வைத்தியர்கள் உட்பட, சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பொடி குடித்து மறைக்கக் கூடாத நோய்களும் உண்டு. மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம் (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனாலும் காட்டிவிடுவது நல்லது), காரணமில்லாமல் எடை குறைதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், சிக்கலும் போக்கும் மாறி மாறி வருதல் ஆகிய எதுவாக இருந்தாலும் முதலில் மருத்துவமனை, பிறகுதான் நாட்டு மருந்துக் கடை. கடும் வயிற்றுவலியோடு வாந்தி இருந்தால், காற்றுக்கூடப் பிரியாமல் வயிறு உப்பினால், அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. குடலடைப்பாகவோ குடல்வாலாகவோ இருக்கலாம்.

நமது மருத்துவ உதவிக் குழுவுக்கு வந்த ஒரு மனுவை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதுச் சகோதரர். இரத்தம் போவதை மூலம் என்று தாமே முடிவு செய்து, எட்டு மாதம் ஏதோ ஒரு பொடியைக் குடித்து வந்தார். குடித்த நாட்களில் சற்றுச் சுகமாக இருந்ததாம். டாக்டரிடம் காட்டக் கூச்சம். கடைசியில் மனைவி வற்புறுத்திப் போனபோது பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவருக்காக துஆ செய்யுங்கள். எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் சிகிச்சை இன்னும் எளிதாக இருந்திருக்கும் என்று டாக்டர் அவரிடமே சொல்லியிருக்கிறார். தம் கதையை எழுதச் சொன்னவரும் அவரே.

பொடி வாங்குவதாக இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டவையே. சேர்மானப் பட்டியல், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, தயாரித்தவரின் முகவரி இவை இருக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது, மருந்து உரிமம் அல்ல. மூலிகைகள் கலந்தது என்று பொதுவாகப் போட்டுவிட்டு எந்த மூலிகை, எவ்வளவு என்று சொல்லாத பொடியை வாங்காதீர்கள். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று எழுதியிருந்தால், அப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குடித்த அன்றே எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னால் உள்ளே நிலாவாரையோ அதைவிடக் கடுமையான ஒன்றோ இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரிபலா அத்தனை அவசரப்படாது.

அரசு நிறுவனமான டாம்ப்கால், 1944 முதல் இயங்கும் கூட்டுறவு அமைப்பான இம்காப்ஸ் ஆகியவற்றின் தயாரிப்புகள் பல ஊர்களில் கிடைக்கின்றன. வைத்தியம் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்களுக்கு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உண்டு. யூனானியை விரும்புபவர்கள் இராயபுரத்தில் உள்ள மண்டல யூனானி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துச் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள். இரண்டு வைத்தியர்களுக்கும் தெரியாமல் இரண்டு மருந்தும் சாப்பிடுவதே நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

நோன்பில் வரும் மலச்சிக்கலுக்குப் பெரும்பாலும் பொடியே தேவைப்படாது. இஃப்தாரில் சமோசா, வடை, பஜ்ஜியில் தொடங்கி, தராவீஹுக்குப் பின் பரோட்டாவில் முடித்து, இடையில் இரண்டு கிளாஸ் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டால் வயிறு என்ன செய்யும்? இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை எட்டு கிளாஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் குடியுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் நில்லுங்கள். நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்போடு காய்கறியையும் சேருங்கள். ஸஹரில் ஒரு கீரையோ பொரியலோ, ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ இருக்கட்டும். பள்ளிக்கு நடந்தே போய் வாருங்கள். இதற்கும் சரியாகாமல் இசப்கோல் எடுப்பதானால் நிறையத் தண்ணீரோடு மட்டுமே எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அது உள்ளேயே கட்டிக்கொள்ளும். சில வலி மாத்திரைகள், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை, தைராய்டு குறைவு இவையெல்லாமும் மலச்சிக்கலைத் தரும். பல நாள் சிக்கல் என்றால் அந்தக் காரணத்தைத் தேடுவதே முறை. நோன்பில் வயிற்றுப்போக்கு கண்டு தலை சுற்றினால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதியை நம் மூத்த பெண்கள்தான் ஏற்க மறுக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

சென்ற வருடம் கொடுத்த பாக்கெட் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். திரும்பி வந்தவற்றை அழித்துவிட்டோம். இவ்வருட மளிகைப் பையில் எந்த மருந்தும் இராது. அந்த இடத்தில் அரைக் கிலோ பாசிப்பயறு கூடுதலாக வைக்கிறோம். இனி மருந்து எது நன்கொடையாக வந்தாலும் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே வாங்குவது என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. ஷஃபான் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்தில் ஒரு சித்த மருத்துவரும் ஒரு பொது மருத்துவரும் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெண்களுக்குத் தனி அறையும் பெண் மருத்துவரும் உண்டு. கட்டணம் இல்லை.

வஸ்ஸலாம்.
செயலாளர்